ஷார்ட் பெட் பிக்கப்புக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: கார்டை எடுக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

என் டிரக்கோட பின்கண்ணாடி ஒடஞ்ச கதையில இருந்தே ஆரம்பிக்கறேன். டெக்ஸஸ்ல ஒரு கேம்ப்கிரவுண்ட், சாயங்காலம் ஆறு மணி, ரெண்டு ஓக் மரத்துக்கு நடுவுல டிரெய்லரை ரிவர்ஸ்ல விடணும். வீட்டம்மா பின்னாடி நின்னு கை காட்டறாங்க, நானும் அவங்க கையையும் டிரெய்லரோட பின் மூலையையும் மாத்தி மாத்தி பார்த்துட்டே ஸ்டீயரிங்கை ஒடிக்கறேன், முன்னாடி மூலை எங்க வருதுன்னு ரெண்டு பேருமே பார்க்கல. "என்னங்க நிறுத்துங்க நிறுத்துங்க"ன்னு சத்தம் வர்றதுக்கும் 'டப்'புன்னு ஒரு சத்தம் கேக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா பின் சீட் முழுக்க கல்கண்டு கொட்டின மாதிரி கண்ணாடித் துண்டு, பையனோட கார் சீட்ல கூட. நல்ல வேளை, அவன் கீழ இறங்கி வெளையாடிட்டு இருந்தான்.

வண்டி அப்போ 90 டிகிரி கூட திரும்பல, 60 கிட்டத்தான் இருக்கும். ஹிட்ச் (டிரக்கோட டிரெய்லரை இணைக்கற மாட்டல்) வாங்கும்போதே வித்தவர்கிட்ட கேட்டிருந்தேன், "ஷார்ட் பெட்டுக்கு, அதாவது நீளம் கம்மியான பின் தொட்டிக்கு, இது ஒத்து வருமா"ன்னு, "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க"ன்னார். இந்த பதில் எங்க கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிடுங்க.

அமெரிக்காவுல புதுசா டிரக்கும் ஃபிஃப்த் வீலும் வாங்கப் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கற முதல் கேள்வி "எந்த பிராண்ட் ஹிட்ச் நல்லது"ங்கறதுதான். அது கடைசிக் கேள்விங்க. முதல்ல எடை, அப்புறம் அளவு, அப்புறம் உங்க பெட்ல ஏற்கனவே என்ன மாட்டியிருக்கு, இந்த மூணும் தெரிஞ்சா பிராண்ட் லிஸ்ட் தானா சுருங்கி ரெண்டு மூணுல வந்து நிக்கும்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஃபிஃப்த் வீல்ங்கறது பம்பர்ல பந்து வச்சு இழுக்கற டிரெய்லர் இல்ல. டிரெய்லரோட மூக்கு பிக்கப்போட பின் தொட்டிக்கு மேல வந்து உக்காரும், அதுல கீழ தொங்கற 2 இன்ச் கிங்பின், தொட்டிக்குள்ள இருக்கற தட்டோட தாடையில மாட்டும். பேர் குதிரை வண்டி காலத்துது, முன் அச்சு திரும்பறதுக்கு படுக்க வச்ச மாதிரி ஒரு வளையம் இருக்கும், நாலு சக்கரம் போக அது அஞ்சாவது. பாரம் பின் அச்சுக்கு மேலயே இறங்கறதால வால் ஆட்டம் ரொம்பக் கம்மி, அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதல் வேலை: டிரைவர் கதவைத் திறங்க

கதவு நிலையில மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். பேலோடுங்கறது இதுதான். பிரோஷர்ல "15,000 பவுண்டு இழுக்கும்"னு இருக்கறதைப் பார்த்து ஏமாறாதீங்க, இழுக்கறது வேற, சுமக்கறது வேற. ஃபிஃப்த் வீல்ல டிரெய்லர் எடையில 15 லருந்து 25 சதவீதம் நேரா உங்க டிரக் மேல உக்காரும், கணக்குக்கு 20 வச்சுக்கோங்க.

என்னோடதையே போடறேன். முக்கால் டன் (பிக்கப் ரகத்தோட பேர் அது, எடை இல்ல) டீசல், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், ஸ்டிக்கர்ல 2,180. அதுல ஸ்லைடர் ஹிட்ச் (முன்னாடி பின்னாடி நகர்ற ரகம்) 210, நாங்க நாலு பேர் 520, தொட்டியில ஜெனரேட்டர் டூல் பாக்ஸ் எல்லாம் 150. மிச்சம் 1,300. அதை 20 சதவீதமா வச்சா டிரெய்லர் 6,500 பவுண்டுதான் இருக்கணும்! டீசல் இன்ஜின் எடையே பேலோடைத் தின்னுடும், அதனாலதான் டீசல் ஃபோர்டு எஃப்-250 எடுக்கறதுக்கு பதிலா எஃப்-350 எடுங்கன்னு பழைய ஆளுங்க சொல்றது, ஒரே தொட்டி, ஒரே நீளம், ஆனா ஸ்டிக்கர்ல ஆயிரத்துக்கு மேல கூடும்.

இன்னொண்ணு, டிரெய்லர் பிரோஷர்ல இருக்கற பின் வெயிட் (கிங்பின் வழியா டிரக் மேல இறங்கற எடை) வெறும் கூடுக்கான கணக்கு. தண்ணி நிரப்பினா கேலனுக்கு 8.3 பவுண்டு, அது போக கேஸ், பேட்டரி, அப்புறம் எங்க வீட்ல மாதிரி 20 பவுண்டு சோனா மசூரி, குக்கர், வெட் கிரைண்டர் (சிரிக்காதீங்க, ரெண்டு வாரம் போனா இட்லி வேணும்ல) எல்லாம் மூக்குப் பக்க அலமாரியில போனா பின் வெயிட்தான் ஏறும். டிரெய்லரோட உச்ச எடையான ஜிவிடபிள்யூஆரை எடுத்து அதுல 20 சதவீதம் போடுங்க, பெரும்பாலும் தப்பு வராது. ஹிட்ச்சோட ரேட்டிங்கும் அந்த ஜிவிடபிள்யூஆருக்கு மேல இருக்கணும், எஸ்ஏஇ ஜே2638 சோதனை பண்ணினதுன்னு போட்டிருக்கான்னு பாருங்க, 30,000 பவுண்டு வரைக்கும் உள்ள ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் (தொட்டி நடுவுல உருண்டையில மாட்டறது) மாட்டல்களுக்கான தர அளவு அது.

அளவு: இதுலதான் எல்லாரும் வழுக்கறது

ஷார்ட் பெட்னா எல்லாம் ஒண்ணு இல்ல. ஃபோர்டு சூப்பர் டூட்டியில (எஃப்-250, 350 வரிசை) 6¾ அடி, ராம்ல 6 அடி 4 இன்ச், எஃப்-150 மாதிரி சின்ன வண்டியில அஞ்சரை அடி கூட இருக்கு. லாங் பெட் 8 அடி. சூப்பர் டூட்டி நாலு கதவுல ஷார்ட்டுக்கு வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல தூரம்) 160 இன்ச், லாங்குக்கு 176. அந்த 16 இன்ச் எங்க போச்சுன்னா, அத்தனையும் கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவுலதான். நம்ம பிரச்சனை மொத்தமும் அந்த 16 இன்ச்தான்னு மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமா புரியும்.

ஹிட்ச் நடு பின் அச்சுக்கு நேர் மேல, இல்ல ஒண்ணு ரெண்டு இன்ச் முன்னாடி இருக்கணும். அச்சுக்குப் பின்னாடி தள்ளி வச்சா முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சு ஸ்டீயரிங் லேசாயிடும், அதனால "சும்மா பின்னாடி தள்ளி மாட்டிக்கலாமே"ங்கற ஐடியா வேண்டாம்.

இப்போ டேப் எடுத்துட்டு டிரைவ்வேக்கு போங்க. மூணு அளவு வேணும். ஒண்ணு, ஹிட்ச் நடுவுல இருந்து கேபின் பின் சுவர் வரைக்கும், தொட்டியோட முன் சுவர் வரைக்கும் இல்ல, கேபின் வரைக்கும், என்னோடதுல 41 இன்ச். ரெண்டு, டிரெய்லர் அகலத்துல பாதி, 96 இன்ச் டிரெய்லர்னா 48, 102 ன்னா 51. மூணு, கிங்பின்ல இருந்து மூக்கு எவ்வளவு முன்னாடி நீட்டிட்டு இருக்குங்கறது.

90 டிகிரி திரும்பினா டிரெய்லரோட பக்கச் சுவர் கேபினுக்கு இணையா வந்து நிக்கும், அப்போ உங்களுக்கு 48 இல்ல 51 இன்ச் வேணும், இருக்கறது 41. மூக்கு கிங்பின்னோட நேர்ல முடியற சதுர மூலை டிரெய்லர்ல 48க்கு 41 போட்டா கிட்டத்தட்ட 58, 59 டிகிரியிலயே மூலை கண்ணாடியைத் தொடும், அதான் எனக்கு நடந்தது. 102 இன்ச் டிரெய்லர்ல மூக்கு 15 இன்ச் முன்னாடி நீட்டிட்டு இருந்தா இன்னும் மோசம், அப்போ பத்தாங்கிளாஸ் பிதாகரஸ் வந்துடுவார், 51 ஐயும் 15 ஐயும் வர்க்கம் பண்ணி கூட்டி மூலம் எடுத்தா 53.2, அதாவது மூலை கேபினை நோக்கி நேரா நிக்கற நேரத்துல 53.2 இன்ச் வேணும், அது 90 டிகிரிக்கு முன்னாடியே வந்துடும். 90 ல மட்டும் இடம் இருக்கான்னு பார்க்கறவங்க இதைத்தான் விட்டுடுவாங்க.

கணக்கு பிடிக்காதவங்களுக்கு ஒரு வழி. காலி சீரியல் டப்பா அட்டையை எடுத்து ஒரு இன்ச்சுக்கு ஒரு மில்லிமீட்டர்னு டிரெய்லர் முன் பாதியை மேல இருந்து பார்த்த மாதிரி வெட்டுங்க, மூலை வளைவா இருந்தா வளைவாவே. இன்னொரு அட்டையில கேபினும் தொட்டியும். கிங்பின் இருக்கற எடத்துல ஒரு டிராயிங் பின் குத்தி திருப்பிப் பாருங்க. எந்த கோணத்துல இடிக்குதுன்னு கண்ணால தெரியும், 12 மில்லிமீட்டர் பின்னாடி பின்னை நகத்திட்டு மறுபடி திருப்புங்க, ஸ்லைடர் என்ன பண்ணுதுன்னும் தெரிஞ்சுடும். நான் இதை கண்ணாடி ஒடஞ்சதுக்கு அப்புறம் பண்ணினேன், பையன்தான் ஆர்வமா திருப்பினான், "அப்பா இங்கதான் டப்"ன்னான்.

இப்போ வர்ற டிரெய்லர்கள்ல மூக்கு மூலையை உள்வாங்கி வெட்டி, கிங்பின் தொங்கற பெட்டியான பின் பாக்ஸை முன்னாடி நீட்டி வச்சிருக்காங்க, அதுல 75, 80 டிகிரி வரைக்கும் கூட ஷார்ட் பெட்ல போகுது. ஆனா "ஷார்ட் பெட் ரெடி"ன்னு ஒட்டியிருக்கறதை நம்பாம உங்க 41 ஐ (இல்ல உங்க நம்பர் எதுவோ அதை) வச்சு அட்டையில பாருங்க. 3, 4 இன்ச் உபரி இருக்கணும், மேடு பள்ளத்துல டிரெய்லர் முன்னாடி பின்னாடி சாயும்.

பெட்ல என்ன மாட்டியிருக்கு

தொட்டியைக் கழுவிட்டு உள்ள ஏறிப் பாருங்க. தரையில நாலு மூலைக்கு நாலு பிளாஸ்டிக் மூடியும் நடுவுல ஒண்ணும் இருந்தா அதிர்ஷ்டசாலி, கம்பெனியிலயே பக் சிஸ்டம் போட்டு வந்த வண்டி. ஃபோர்டு சூப்பர் டூட்டியில 2011 லயும், ராம்ல அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சும் இது வந்துச்சு, ஷெவி ஜிஎம்சி பெரிய வண்டிகள்லயும் கிடைக்குது. ஹிட்ச்சோட நாலு காலை அந்த ஓட்டையில விட்டு கால் திருப்பு திருப்பினா பூட்டிக்கும், டிரெய்லர் இல்லாத நாள்ல கழட்டி ஓரமா வச்சுட்டு ஹோம் டிப்போல இருந்து பிளைவுட் ஏத்திட்டு வரலாம். ஒரே குறை, ஃபோர்டு பக் இடைவெளி வேற, ராம் வேற, ஜிஎம் வேற. நாளைக்கு வண்டி மாத்தினா ஹிட்ச்சும் மாத்தணும், இல்லேன்னா அடிக்கால் மட்டுமாவது. யூஸ்டு டிரக் வாங்கறவங்க இந்த அஞ்சு மூடி இருக்கான்னு பார்த்துட்டு விலை பேசுங்க.

நடுவுல ஒரே ஒரு ஓட்டை, அதுல உருண்டை இருந்தா அது கூஸ்நெக். பி அண்ட் டபிள்யூ கம்பெனியோட டர்ன்ஓவர்பால் இதுல பேர் போனது, உருண்டையைத் தலைகீழா திருப்பி வச்சா தரை சமமாயிடும். அந்தக் குழிக்குள்ளயே இறங்கற மாதிரி கம்பேனியன்னு ஒரு ஃபிஃப்த் வீல் ஹிட்ச் அவங்களே பண்றாங்க, ஸ்லைடர் வகையும் உண்டு. எதுவுமே இல்லாத வண்டிக்கு நான் சொல்றது இதைத்தான், தொட்டியில ஒரே ஒரு பெரிய ஓட்டை, வண்டி விக்கும்போதும் அசிங்கமா இருக்காது. ஆண்டர்சன் அல்டிமேட்ன்னு அலுமினியத்துல ஒண்ணு இருக்கு, 35 பவுண்டுதான், ஒரு ஆளே தூக்கிடலாம், அதுல கிங்பின்ல ஒரு அடாப்டர் மாட்டி உருண்டை மேல உக்கார வைக்கணும். எடை விஷயத்துல அதை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா அது நகராது, அதனால உங்க அட்டை மாடல் ஸ்லைடர் வேணும்னு சொன்னா அந்தப் பக்கம் போகாதீங்க.

மூணாவது ரெயில். தொட்டிக்குக் குறுக்கே ரெண்டு இரும்புப் பட்டை, போல்ட் போட்டு அடியில சேஸிஸோட சேரும். பழைய முறை, இதுக்கு ஏத்த ஹிட்ச் எல்லா கம்பெனியிலயும் இருக்கு, கர்ட், ரீஸ், புல்ரைட் எதுவேணா உக்காரும், செகண்ட்ஹேண்ட்ல மலிவா கிடைக்கும். ஆனா ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கடியில படுத்து ஃப்யூயல் லைன், பிரேக் லைன், வயர் எங்க போகுதுன்னு பார்க்கணும், பெட் 2017 மாடல்ல இருந்து வர்ற சூப்பர் டூட்டி மாதிரி அலுமினியம்னா மேடு பள்ளத் தரைக்கு அடியில ஸ்பேசர் போடாம முறுக்கினா தரை நசுங்கிடும். போல்ட்டை டார்க் ரெஞ்ச்ல கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, முதல் டிரிப் முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை பார்க்கணும். பிளாஸ்டிக் பெட்லைனர் மேலயே ரெயிலை வச்சு முறுக்கறவங்களைப் பார்த்திருக்கேன், வேண்டாம், வெட்டி எடுத்துட்டு இரும்பு மேல வைங்க.

டிரெய்லர் பின் பாக்ஸ்ல கூஸ்நெக் அடாப்டர் நீட்டிக் கட்டி, ஹிட்ச்சே வேணாம்னு சொல்றவங்களும் உண்டு. நீளமான அந்த அடாப்டர் மூக்கு ஃபிரேமை நெம்பற நெம்புக்கு பல டிரெய்லர் கம்பெனிங்க ஒத்துக்கறதில்ல, வாரண்டி போயிடும். எழுத்துல சம்மதம் வாங்காம பண்ணாதீங்க.

நகர்றதா, நகராததா

இங்க வந்து நாலு பாதை பிரியுது. நகராத ஹிட்ச், கையால நகத்தற ஸ்லைடர், தானா நகர்ற ஸ்லைடர், டிரெய்லர் பக்கம் திரும்பற பின் பாக்ஸ்.

நகராதது மலிவு, எடை கம்மி, கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. உங்க அட்டை மாடல்ல 80 டிகிரி வரைக்கும் இடிக்கலைன்னா, நீங்களும் பொறுமையான ஆளுன்னா போதும். ரோட்ல ஓட்டும்போது 90 டிகிரி எல்லாம் வராது, வர்றது ரிவர்ஸ்லதான், பெட்ரோல் பங்க்லயும் கேம்ப்லயும்.

மேனுவல் ஸ்லைடர் பூட்டைத் திறந்தா 10, 12 இன்ச் பின்னாடி போகும், 41 ஓட 12 சேர்ந்தா 53, லாங் பெட் இல்லாததால தொலைச்ச 16 இன்ச்ல முக்காவாசி திரும்ப வந்தாச்சு. பண்ற விதம்: சமதளத்துல வண்டியும் டிரெய்லரும் நேர்கோட்ல நிக்கணும், டிரெய்லர் சக்கரத்துக்கு கட்டை வச்சு, இறங்கி ஸ்லைடர் பூட்டோட லீவரை இழுத்துட்டு, உள்ள ஏறி டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால பிடிச்சுட்டு மெதுவா முன்னாடி எடுத்தா 'க்ளிக்'னு பின்னாடி பூட்டும். வேலை முடிஞ்சு ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதே மாதிரி ரிவர்ஸ் எடுத்து முன் நிலைக்குப் பூட்டணும், இதை மறந்துட்டு ஹைவேயில ஏறினா பாரம் அச்சுக்குப் பின்னாடி. நான் மறக்காம இருக்க கார் சாவியில ஒரு சிவப்பு ரிப்பனை மாட்டி, ஸ்லைடர் பின்னாடி இருக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்ல கட்டி வைப்பேன். வருஷத்துக்கு நாலஞ்சு டிரிப் போற குடும்பத்துக்கு, 6½ அடி தொட்டிக்கு, இதுதான் என் ஓட்டு, நான் இப்போ வச்சிருக்கறதும் இதுதான்.

ஆட்டோ ஸ்லைடர், புல்ரைட் சூப்பர்கிளைட் மாதிரி, வண்டி ஒடியும்போது தானே பின்னாடி போயிட்டு தானே திரும்பி வரும், நீங்க இறங்கவே வேண்டாம். சுகமோ சுகம். அதுக்கு கிங்பின் பக்கம் ஒரு கேப்ச்சர் பிளேட் மாட்டி ஹிட்ச் தலையும் டிரெய்லரும் சேர்ந்தே திரும்பற மாதிரி பூட்டணும், உங்க பின் பாக்ஸ் மாடலுக்கு அந்த பிளேட் இருக்கான்னு முதல்ல கேளுங்க, காத்துப் பை, ரப்பர் வச்சு அதிர்ச்சியைக் குறைக்கற சில பின் பாக்ஸுக்கு ஒத்து வராது. விலை மேனுவலை விட கிட்டத்தட்ட ரெட்டிப்பு வரும், எடையும் கூட, ஒரு ஆளா கழட்டி வைக்கற சாமான் இல்ல, பேலோடு கணக்குல அதையும் கழிச்சுக்கோங்க. அஞ்சரை அடி தொட்டிக்காரங்களுக்கு 12 இன்ச் மேனுவல் பத்தவே பத்தாது, அவங்க நீளமா போற ஆட்டோ ஸ்லைடரைத்தான் பார்க்கணும், அதுக்கும் முன்னாடி அந்த அரை டன் வண்டியோட ஸ்டிக்கரை இன்னொரு தடவை பார்க்கணும்.

திரும்பற பின் பாக்ஸ், ரீஸ் சைட்வைண்டர் ரகம், டிரெய்லரோட திரும்பற புள்ளியையே 22 இன்ச் பின்னாடி கொண்டு போயிடும். டிரக்ல நகராத ஹிட்ச்தான் இருக்கணும், ஒரு ஆப்பு மாதிரி இருக்கற துண்டு தலையைத் திரும்பாம பிடிச்சுக்கும். தொட்டியில எடை கூடாது, அது பிளஸ். ரிவர்ஸ் எடுக்கும்போது கை பழக்கம் மாறும், முதல் நாள் கொஞ்சம் திண்டாடுவீங்க. ஃபிரேம் கம்பெனி சம்மதம் இதுக்கும் கேளுங்க.

மீதி சில்லறை

ஹிட்ச் தலை நாலு பக்கமும் சாயறதா எடுங்க, சமமில்லாத தரையில மாட்டும்போது அருமை தெரியும். தாடை கிங்பின்னை ரெண்டு பக்கமும் கட்டிப் பிடிக்கற ரகம்னா பிரேக் போடும்போது டக் டக்னு அடிக்காது. தொட்டிப் பக்கச் சுவர் மேல் விளிம்புக்கும் டிரெய்லர் அடிப்பக்கத்துக்கும் நடுவுல 6 இன்ச் இருக்கணும், அதே சமயம் டிரெய்லர் மட்டமாவும் நிக்கணும். ஃபோர் வீல் டிரைவ் டிரக் உயரத்துல ரெண்டும் ஒண்ணா அமையறது கஷ்டம், 6 ஐ விட்டுக்கொடுக்காம டிரெய்லர் அச்சு உயரத்தைப் பார்க்கணும்.

மாட்டற முறை சுருக்கமா: டெயில்கேட்டை இறக்கிடுங்க, கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டை விட அரை இன்ச் தாழ்வா இருக்கற மாதிரி டிரெய்லர் காலை வைங்க, அப்போதான் ஏறி உக்காரும். டிரெய்லர் உயரமா இருந்தா கிங்பின் தாடைக்கு மேல சும்மா உக்காந்துட்டு பூட்டின மாதிரி நடிக்கும், இதுலதான் டிரெய்லர் தொட்டி மேல விழறது. டார்ச் அடிச்சு தாடை மூடியிருக்கான்னு கண்ணால பாருங்க, கிளிப் போடுங்க, வயர் கனெக்டர், பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழண்டா அதோட பிரேக்கைப் போடற கேபிள்) ஹிட்ச்ல இல்லாம டிரக்ல மாட்டுங்க. டிரெய்லர் கால் தரையைத் தொட்டிருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைப் பிடிச்சுட்டு ஒரு இழு இழுத்துப் பாருங்க, அப்புறம்தான் காலைத் தூக்கறது.

லைசென்ஸும் பார்த்துக்கோங்க, கலிஃபோர்னியாவுல 10,000 பவுண்டுக்கு மேல ஃபிஃப்த் வீலுக்கு தனி அனுமதி, 15,000 தாண்டினா கமர்ஷியல் இல்லாத கிளாஸ் ஏ. டெக்ஸஸ்ல வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 தாண்டினா அதே மாதிரி.

முதல் டிரிப்புக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை காலைல ஒரு காலி பார்க்கிங் லாட்டுக்குப் போங்க, ஒருத்தர் தொட்டிப் பக்கத்துல, பின்னாடி இல்ல, பக்கத்துல நிக்கட்டும். ஸ்லைடரை முன் நிலையில பூட்டினபடியே மெதுவா ரிவர்ஸ்ல ஒடிச்சுட்டே வாங்க, மூலைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நாலு விரல் வரும்போது அவர் கத்தட்டும். அந்த நிலையில அப்படியே நிறுத்திட்டு, டிரைவர் பக்க கண்ணாடியில டிரெய்லரோட எந்த இடம் தெரியுதுன்னு பாருங்க, மிரர் ஓரத்துல ஒரு துண்டு நீல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. அந்தப் பக்கம் முடிஞ்சதும் இந்தப் பக்கமும் ஒட்டுங்க. என் வண்டியில ரெண்டு வருஷமா அந்த டேப் இருக்கு, வெயில்ல வெளுத்துப் போச்சு, கார் வாஷ்ல பிச்சுட்டா மறுபடி ஒட்டிக்கறேன்.